சொல்லாமல் விட்ட தறி

சார்,

போன செவ்வாய்க்கிழமை ஆரணியிலிருந்து சேத்துப்பட்டு போகும் பஸ்ஸில் உங்கள் கையெழுத்தைப் பார்த்தேன். எனக்கு முன் சீட்டில் ஓர் அம்மா, மடியில் ஆஸ்பத்திரிப் பை. அதிலிருந்து ஒரு மஞ்சள் தாளை எடுத்துப் பக்கத்தில் இருந்த மகளிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். நகலுக்கு நகல் எடுத்து எழுத்தெல்லாம் வெளுத்துப்போயிருந்தது. நம் ஆஸ்பத்திரி பெயர் இருந்த இடத்தில் வேறு ஏதோ ஊர் ஆஸ்பத்திரியின் ரப்பர் ஸ்டாம்ப். ஆனாலும் அந்தக் கோழிக் கிறுக்கல் எனக்குத் தெரியாதா?

மகள் சத்தமாகப் படித்தாள். "ஒண்ணு. தறியில் உட்காரக் கூடாது. ரெண்டு வாரம்."

"நமக்கு ஏதுடி தறி?" என்றார் அந்த அம்மா.

"எல்லாருக்கும் சேத்து எழுதிக்கிறாங்கம்மா. உனுக்கு நாலாவது. தண்ணிக் கொடம் தூக்கக் கூடாது."

நான் சிரித்துவிட்டேன். அந்த அம்மா திரும்பி, "இன்னாம்மா சிரிக்கிற?" என்றார். இதை எழுதினவரை எனக்குத் தெரியும் என்றேன். "டாக்டரா?" என்று கேட்டார். "எங்க டாக்டர்" என்றேன். அந்த 'எங்க' வாயிலிருந்து எவ்வளவு அழுத்தமாக வந்தது என்று நீங்கள் கேட்டிருக்க வேண்டும். "நல்லா எழுதிக்கிறாரு. எனக்கே புரியுது" என்று சொல்லிவிட்டுத் தாளை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார். சேத்துப்பட்டு வரும்வரை எனக்குத் தலை நிமிர்ந்தே இருந்தது.

உங்களுக்குக் கடிதம் எழுதுவது எனக்குப் புதிது. பதினோரு வருடம் ஒரே அறையில், கை எட்டும் தூரத்தில் நின்று வேலை செய்த டாக்டருக்கும் நர்ஸுக்கும் கடிதம் எதற்கு? நீங்கள் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. உங்களிடம் சொல்ல வேண்டியது ஒன்று என்னிடம் சேர்ந்துவிட்டது. அதற்கு வருவதற்கு முன்னால் பழைய விஷயங்களை ஒரு தடவை வரிசையாகச் சொல்லிப் பார்த்துக்கொள்ள வேண்டும் எனக்கு. நோயாளி பேசும்போது குறுக்கே பேசாமல் கேட்பீர்களே, அப்படிக் கேளுங்கள்.

நம் எண்டோஸ்கோப்பி அறை முன்னால் என்னவாக இருந்தது என்று இப்போது வேலைக்கு வருகிறவர்களிடம் சொன்னால் நம்புவதில்லை. உடைந்த கட்டில், காலி சிலிண்டர், பழைய தேர்தல் போஸ்டர் ஒட்டிய ஓர் அலமாரி. நீங்கள் சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் இருந்த வேலையை விட்டுவிட்டு வந்து அந்த அறையின் கதவைத் திறந்தபோது எலி ஒன்று உங்கள் செருப்பைத் தாண்டி ஓடியது. இந்த மனுஷனுக்கு மூளை கலங்கிவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். அப்போதெல்லாம் ஆரணிக்காரர் யாருக்காவது இரைப்பையில் புண்ணா, குடலில் கட்டியா என்று குழாய் விட்டுப் பார்க்க வேண்டுமென்றால் வேலூர்தான். ஒரு நாள் பிழைப்பு போகும், துணைக்கு வருகிறவருடைய பிழைப்பும் போகும். அதனாலேயே பல பேர் போகாமல் இருந்து, போக வேண்டிய நேரம் தாண்டிப் போனார்கள்.

"பட்டுப்பொடவை எடுக்க எங்கெங்க இருந்தோ ஆரணிக்கு வராங்க சிஸ்டர். வயித்தைப் பாக்கவும் வரட்டும்" என்றீர்கள். நெசவாளி வீட்டில் பிறந்தவர் என்பதால் ஊர்ப் பெருமை உங்களுக்கு மூக்கு நுனியில் இருந்தது. வெம்பாக்கம் பக்கம் கூலி வேலை செய்யும் வீட்டிலிருந்து வந்த எனக்கு அந்தப் பெருமையில் பங்கு இருப்பதாக அன்று தோன்றவில்லை. சம்பளம் ஒழுங்காக வருமா என்று மட்டும் கேட்டேன். நீங்கள் சிரித்தீர்கள்.

முதல் இரண்டு மாதம் ஈ ஓட்டினோம். வாய்க்குள் பாம்பு மாதிரி எதையோ விடுகிறார்கள் என்று ஊருக்குள் பேச்சு. வந்த நாலு பேரும் என் கையை நசுக்கினார்கள். "மூக்கால மூச்சு வுடுங்க, எச்சில முழுங்காதீங்க, வழிய வுடுங்க" என்று நான் தூக்கத்தில்கூடச் சொல்கிறேன் என்று என் வீட்டுக்காரர் புகார் சொன்னார். வெறும் வயிற்றில் வரச் சொன்னால் டீ குடித்துவிட்டு வருவார்கள், கேட்டால் இல்லை என்பார்கள். அரிசி மில்காரர் ஒருவர் ஞாபகம் இருக்கிறதா? சாமி சத்தியமாக ஒன்றும் சாப்பிடவில்லை என்றார். உள்ளே போய்ப் பார்த்தால் பன்னு மிதந்துகொண்டிருந்தது. நான் வாய் திறந்து நாலு வார்த்தை கேட்பதற்குள் நீங்கள் குழாயை வெளியே எடுத்துவிட்டு, "நாளைக்கு வாங்க. பன்னு இல்லாம வாங்க" என்றீர்கள். மறுநாள் பன்னு இல்லாமல் வந்தார். கூடத் தன் மைத்துனரையும் அழைத்து வந்தார்.

இப்படித்தான் கூட்டம் சேர்ந்தது. வேலையில் நமக்குள் ஒரு பழக்கம் வந்தது. உங்களுக்கு இரண்டு கையும் கண்ணும் குழாயிலும் திரையிலும். என் ஒரு கையில் கம்பியோ ஊசியோ, இன்னொரு கை நோயாளியின் வயிற்றில். குழாய் வழியே உள்ளே விடும் காற்று அதிகமாகி வயிறு உப்பினால் திரைக்குத் தெரியாது, என் உள்ளங்கைக்குத் தெரியும். "சார், கல்லா ஆவுது" என்பேன். நீங்கள் மறுபேச்சு இல்லாமல் நிறுத்திக் காற்றை உறிஞ்சுவீர்கள். பெருங்குடலுக்குள் குழாய் போகும்போது, "போறப்ப வழியைப் பாரு, வரப்ப நோயைப் பாரு" என்று முகமூடிக்குள் உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்வீர்கள். திரும்பி வரும்போது ஒவ்வொரு மடிப்பாகப் பார்ப்பீர்கள். வெளியே இருபது பேர் காத்திருந்தாலும் அவசரப்பட மாட்டீர்கள். எனக்குத்தான் பேஜாராக இருக்கும். அப்படி மெதுவாகத் திரும்பி வந்துகொண்டிருந்தபோதுதான் ஏகாம்பரம் அண்ணனுடைய குடலில் அந்தச் சதையைப் பார்த்தீர்கள்.

ஏகாம்பரம் அண்ணன் நெசவாளி. ஒரு வருடமாக மூலம் என்று நினைத்து லேகியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர். பார்த்தால் குடலுக்குள் நெல்லிக்காய் அளவில் ஒரு பாலிப், தண்டோடு தொங்கிக்கொண்டிருந்தது. விட்டுவைத்தால் புற்றுநோயாகலாம். அதன் கழுத்தில் சுருக்குக் கம்பியை மாட்டி, கரண்ட் வைத்து வெட்டி எடுத்தோம். ஒரு சொட்டு ரத்தம் இல்லை. நீங்கள் முகமூடிக்குள் விசில் அடித்தீர்கள். நான் பாலிப்பை பாட்டிலில் போட்டு மூடி, பரிசோதனைக்குப் பெயர் எழுதினேன்.

வீட்டுக்குப் போவதற்கு முன் அறிவுரை சொல்லும் வேலை என்னுடையது. வெட்டின இடத்தில் ஒரு பொருக்கு இருக்கும், ஐந்தாறு நாளில் அது உதிரும்போது சிலருக்கு ரத்தம் வரலாம், அதனால் உடம்பை அலட்டக் கூடாது என்று சொல்ல வேண்டும். சொன்னேன். அவரும் அவர் மனைவியும் தலையாட்டினார்கள். வெறுமனே சொன்னால் மறந்துவிடுவார்கள் என்று உள்ளே போய் ஒரு தாளிலும் எழுதி எடுத்து வந்தேன். வயலில் இறங்கக் கூடாது, மூட்டை தூக்கக் கூடாது, பைக் ஓட்டக் கூடாது. வீட்டிலேயே இருக்க வேண்டும். நீங்கள் கீழே கையெழுத்துப் போட்டீர்கள்.

அந்தத் தாளை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது. அதில் இருந்தது அத்தனையும் எங்கள் தெரு. என் அப்பாவும் அம்மாவும் என்ன வேலை செய்தார்களோ அதைத்தான் வேலை என்று எழுதியிருந்தேன். எதிரில் உட்கார்ந்திருந்தவர் யார், காலையில் எழுந்து அவர் என்ன செய்வார் என்று கேட்கவில்லை.

ஆறாம் நாள் காலை பதினொரு மணி இருக்கும். ஷேர் ஆட்டோவிலிருந்து அவரை இரண்டு பேர் தாங்கி இறக்கினார்கள். வேட்டி முழுக்க ரத்தம். முகம் வெள்ளைத் துணி மாதிரி இருந்தது. நாடி பிடித்தால் விரலுக்குக் கீழே ஓடுகிறது, பிரஷர் இறங்கிக்கொண்டிருக்கிறது. அவர் மனைவி, "ஆறு நாள் நல்லாத்தான இருந்தாரு, நல்லாத்தான இருந்தாரு" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

நீங்கள் ஓ.பி.யிலிருந்து ஓடிவரவில்லை, நடந்து வந்தீர்கள். அது எனக்கு அன்று கோபமாக இருந்தது. பிறகுதான் புரிந்தது, நீங்கள் நடந்ததால்தான் மற்ற யாரும் பதறி ஓடவில்லை. இரண்டு கையிலும் பெரிய ஊசி போட்டு சலைன் ஓடவிட்டோம். ரத்தத்துக்கு ஆள் அனுப்பினோம். "ஆம்புலன்ஸ் வாசல்லயே நிக்கட்டும். மயக்க டாக்டரைக் கூப்பிடுங்க. பிரஷர் கொஞ்சம் ஏறட்டும், உள்ள போயிப் பாக்கறேன். இடம் கிடைச்சா நிறுத்தறோம். கிடைக்கலன்னா நேரா வேலூர். இங்க வீறாப்பு காட்டற வேலை இல்ல" என்றீர்கள். அவர் மனைவியிடமும் அதையே, அதே வார்த்தைகளில் சொன்னீர்கள்.

குடலைச் சுத்தம் செய்ய மருந்து கொடுக்க நேரம் இல்லை. திரை முழுக்கச் சிவப்பு. தண்ணீரை அடித்து அடித்துக் கழுவிக்கொண்டே போனோம். என் கை அவர் வயிற்றில் இருந்தது, அது மட்டும்தான் எனக்குத் தெரிந்த இடம். எவ்வளவு நேரம் போனதோ. "அங்க" என்றீர்கள். ஒரு ரத்தக்கட்டி, அதன் ஓரத்திலிருந்து நூல் மாதிரி ரத்தம் பீச்சிக்கொண்டிருந்தது. சுற்றிலும் மருந்து ஊசி போட்டோம், சதை வெளுத்து உப்பியது. பீச்சுவது கசிவாகக் குறைந்தது. இனி அந்த இடத்தைக் கவ்விப் பிடிக்கக் கிளிப் போட வேண்டும். குழாயை நீங்கள் நிறுத்த வேண்டும், கிளிப்பைத் திறந்து மூடும் பிடி என் கையில். அலமாரியில் இருந்தது மூன்றே கிளிப்.

முதல் கிளிப்பை நான் மூடும்போது அவர் மூச்சை இழுத்தார், இடம் நழுவி, கிளிப் எதையும் பிடிக்காமல் விழுந்தது. நான் உங்களைப் பார்த்தேன். "என் தப்பு. மூச்சுக்குக் காத்திருந்திருக்கணும். அடுத்தது" என்றீர்கள். அவ்வளவுதான். தும்மல் வருவது மாதிரி அந்த வார்த்தை உங்களுக்கு வந்தது. இரண்டாவது கிளிப் உட்கார்ந்தது. மூன்றாவது அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. தண்ணீர் அடித்துப் பார்த்தோம், ரத்தம் இல்லை. நீங்கள் குழாயை எடுக்காமல் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள். மயக்க டாக்டர், "பிரஷர் நூறு தாண்டிடுச்சு" என்றார். நான் அழுதேன் என்று பிறகு ஊரெல்லாம் சொன்னீர்கள். மருந்து நெடி கண்ணில் பட்டது, அவ்வளவுதான்.

உண்மையைச் சொன்னால், எனக்குக் கஷ்டம் அதற்கு அப்புறம்தான்.

சாயங்காலம் வார்டில் அவரைச் சுற்றி நின்றோம். நீங்கள், நான், அவர் மனைவி, ஆஸ்பத்திரி நடத்தும் பெரிய டாக்டர். பெரிய டாக்டருக்கு ஊர் என்ன பேசும் என்ற பயம். "அட்வைஸ் எல்லாம் சொல்லித்தான அனுப்பினோம்? ஃபாலோ பண்ணலையா?" என்று கேட்டார்.

ஏகாம்பரம் அண்ணனுக்குக் குரல் எழும்பவில்லை. இருந்தாலும் சொன்னார். "தாளுல எழுதிக் குடுத்தீங்களே சார். அப்படியேதான் இருந்தேன். வயலுக்குப் போவல, எனுக்கு வயலே இல்ல. மூட்டை தூக்கல. வண்டியத் தொடல. வூட்டை வுட்டு வெளிய வரல. தறிலதான் உக்காந்துகினு இருந்தேன். முகூர்த்தப் பொடவை ஒண்ணு பாதியில நின்னுச்சு."

அவர் மனைவி தாளை எடுத்துக் காட்டினார். நாலு வரியிலும் விரலை வைத்துக் காட்டினார். நாலையும் அவர் மீறவில்லை. இவ்வளவு ஒழுங்காக நாம் சொன்னதைக் கேட்ட நோயாளி அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

பெரிய டாக்டருக்கு மூச்சு வந்தது. "தறியில உக்காந்தீங்களா? அப்போ நீங்க பண்ணதுதான்" என்றார்.

நீங்கள், "இல்ல சார்" என்றீர்கள். "தறின்னு இதுல எழுதல. தறி கூடாதுன்னு நாம சொல்லல. கையெழுத்து என்னுது. தப்பும் என்னுது." பிறகு கட்டிலில் உட்கார்ந்து அவர் மனைவியிடம் சொன்னீர்கள். "தறியில உக்காராம இருந்திருந்தாலும் ரத்தம் வந்திருக்கலாம்மா. சிலருக்கு வரும், யாராலயும் சொல்ல முடியாது. ஆனா தறி கூடாதுன்னு நான் சொல்லியிருக்கணும். நான் தறி வீட்டுல பொறந்தவன். எங்கப்பா காய்ச்சல்ல சும்மா படுத்துகினு இருக்கறதுக்குத் தறியிலயாவது உக்காரலாம்னு போவாரு. எங்க வூட்ல அதை யாரும் வேலைன்னே நினைச்சதில்ல. நானே மறந்துட்டேன்."

நான் கையில் ஊசித் தட்டோடு நின்றிருந்தேன். எழுதியது நான். அந்த அம்மாவின் விரல் பட்ட நாலு வரியும் என் எழுத்து. "எழுதினது நான்" என்று இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். பெரிய டாக்டரைப் பார்த்தேன், வேலையை நினைத்தேன், கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த என் மகளை நினைத்தேன். நீங்கள் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் சொல்லியிருப்பேனா என்று எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன். தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

அவர் நாலாம் நாள் நடந்து வீட்டுக்குப் போனார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் என்னைக் கூப்பிட்டு, "வாங்க, அவரு வீட்டுக்குப் போயிட்டு வரலாம்" என்றீர்கள். திட்டு வாங்கத்தான் என்று நினைத்தேன். நீங்கள் அந்த வீட்டில் காபி குடித்துவிட்டு, "சிஸ்டர், தறியில உக்காருங்க" என்றீர்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. புடவையைச் செருகிக்கொண்டு குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்தேன். நெய்த துணி சுற்றிக்கொள்ளும் கட்டை நேராக என் அடிவயிற்றில் வந்து இடித்தது. பலகையைப் பிடித்து இழுத்து அடிக்க வேண்டுமென்றால் அந்தக் கட்டையில் வயிற்றை அழுத்தித்தான் ஆக வேண்டும். ஒவ்வோர் அடிக்கும் ஓர் அழுத்தம். காலுக்குக் கீழே மிதி வேறு. ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் தடவை என்று நான் வாய்விட்டுக் கேட்டேன். ஏகாம்பரம் அண்ணன், "அதையெல்லாம் யாரு எண்ணுனாங்க?" என்றார். நான் நாலு இழை அடித்தேன். அவர் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எழுந்துருங்க சிஸ்டர், கல்யாணப் பொண்ணு பாவம்" என்று சொல்லி நாலு இழையையும் பிரித்தார்.

அங்கேயே உட்கார்ந்து அந்தத் தாளைத் திருப்பி எழுதினீர்கள். முதல் வரி தறி. பவர்லூமில் நிற்பதும் குனிவதும் இரண்டாவது. பிறகு ஒவ்வொரு நோயாளியிடமும் நான் கேட்க ஆரம்பித்தேன். "காலையில கண்ணு முழிச்சதுல இருந்து படுக்கற வரைக்கும் இன்னான்னா செய்வீங்க? ஒண்ணு வுடாம சொல்லுங்க." எத்தனை விஷயம் வந்தது சார் அதில்! இட்லிக் கடை அம்மா ஆட்டுக்கல்லைக் குழவியோடு நகர்த்துவது, அரிசி மில்லில் தவிட்டு மூட்டையைக் காலால் தள்ளுவது, பௌர்ணமிக்குப் பௌர்ணமி திருவண்ணாமலை கிரிவலம். "பதினாலு கிலோமீட்டர் நடக்கறது சாமி விஷயம் சிஸ்டர், அது வேலை இல்லியே" என்று ஒருவர் என்னிடம் சண்டைக்கே வந்தார். அடுத்த பௌர்ணமிக்குப் போங்கள், அண்ணாமலையார் அங்கேயேதான் இருப்பார் என்றேன். அதுவும் தாளில் ஏறியது. ரத்தம் போனால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது, உடனே வர வேண்டும் என்பதைக் கடைசியில் பெரிதாக எழுதினீர்கள். நீங்கள் எழுதினதை அப்படியே மஞ்சள் தாளில் நகல் எடுக்க வேண்டும், வெள்ளைத் தாள் மற்ற தாள்களோடு கலந்துபோகும் என்றது மட்டும் என் யோசனை. அதை மறந்துவிடாதீர்கள்.

அதற்கப்புறமும் ரத்தக்கசிவு வந்தவர்கள் உண்டு. குழாய் பட்டுக் குடலில் ஓட்டை விழுந்து வேலூருக்கு அனுப்பி, அங்கே ஆபரேஷன் ஆகித் திரும்பி வந்த ஒருவர் உண்டு. நீங்கள் எதையும் மறைத்ததில்லை. சிக்கல் வந்தால் முதலில் நோயாளியைப் பார்ப்பது, உடனே வீட்டாரிடம் சொல்வது, முடியாததை முடியும் என்று வைத்துக்கொள்ளாமல் அனுப்புவது. சின்ன ஊர் ஆஸ்பத்திரி என்று யாராவது இளக்காரமாகப் பேசினால் எனக்குக் கோபம் வரும். பெரிய ஊரில் இதைவிட நல்ல மெஷின் இருக்கலாம். இதைவிட நாணயமான அறை இருக்குமா என்று நான் கேட்பேன்.

ஏகாம்பரம் அண்ணன் விஷயத்தை ஒரே ஒரு தடவை உங்களிடம் பேசப் பார்த்தேன். வேலை முடிந்து, தொட்டியில் குழாயைக் கழுவிக்கொண்டிருந்தேன். "சார், அன்னிக்கு அந்தத் தாளு..." என்று ஆரம்பித்தேன். நீங்கள் கதவருகில் நின்று, "ஸ்கோப்பைக் கழுவுங்க சிஸ்டர், காஞ்சிடப் போவுது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். உங்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. பெருந்தன்மைதான், தெரியும். ஆனால் அன்று நின்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் எனக்குப் பாரம் இறங்கியிருக்கும். அந்த ஒரு விஷயத்தில் உங்கள் மேல் இன்னும் எனக்குக் கோபம் இருக்கிறது.

பிறகு நீங்கள் போய்விட்டீர்கள். காலையில் எட்டு பேருக்குப் பார்த்துவிட்டு, கையைக் கழுவி, எல்லாருக்கும் டீ சொல்லிவிட்டுப் போனவர், வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு இறங்கவில்லை. மற்றவர்கள் இதயத்தைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது, நாம் வயிற்றுக்காரர்கள் என்று கிண்டல் பேசுவீர்களே. உங்கள் இதயத்தையாவது ஒரு தடவை பார்த்திருக்கலாம். அழுதேன். இந்தத் தடவை மருந்து நெடி இல்லை.

இப்போது நம் அறைக்குச் சென்னையிலிருந்து ஒரு மேடம் வருகிறார். நல்லவர், கை சுத்தம். காற்றுக்குப் பதிலாக வேறு வாயு வைத்திருக்கிறார், அதனால் வயிறு அவ்வளவு உப்புவதில்லை. இருந்தாலும் என் ஒரு கை வயிற்றில்தான் இருக்கிறது. முதல் வாரம், "எதுக்கு சிஸ்டர் அது?" என்று கேட்டார். இரண்டாம் வாரம் அவரே, "எப்படி இருக்கு?" என்று கேட்க ஆரம்பித்தார்.

சொல்ல வந்தது இதுதான். போன மாதம் ஓர் அக்காவுக்கு, வெம்பாக்கம் பக்கத்துக்காரர், எங்கள் ஊருக்கு இரண்டு ஊர் தள்ளி, பெருங்குடலில் ஒரு சின்ன பாலிப். சுருக்குக் கம்பி மாட்டியாயிற்று. பிடி என் கையில். "மெதுவா, மெதுவா இறுக்குங்க" என்றார் மேடம். நான் அன்று முப்பது பேரைப் பார்த்த களைப்பில் சட்டென்று இறுக்கிவிட்டேன். பாலிப் அறுந்தது, ரத்தம் பீச்சியது. உடனே கிளிப் போட்டோம், நின்றது. வயிறு மெத்தென்று இருந்தது, பிரஷர் சரியாக இருந்தது. பெரிய ஆபத்து இல்லை. ஆனாலும் ஒரு நாள் படுக்க வைத்துப் பார்க்க வேண்டும்.

மேடம் கையைக் கழுவிக்கொண்டே, "சில சமயம் இப்படி ஆகும்னு சொல்லிடலாம்" என்றார். அதுவும் பொய் இல்லை. சில சமயம் ஆகத்தான் செய்கிறது.

நான், "மேடம், நான் பேசறேன்" என்றேன்.

வெளியே அந்த அக்காவின் வீட்டுக்காரர் நின்றிருந்தார். கையில் செருப்பு. ஆஸ்பத்திரிக்குள் செருப்புப் போடக் கூடாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், கழற்றி வைத்தால் காணாமல் போகும் என்று கையிலேயே வைத்திருந்தார். என் அப்பாவும் அப்படித்தான் நிற்பார். அவரை உட்கார வைத்து, எதிரில் நானும் உட்கார்ந்தேன்.

"அண்ணா, கட்டியை எடுத்துட்டோம். எடுக்கறப்ப ரத்தம் வந்துச்சு. நிறுத்திட்டோம். ரத்தம் வந்ததுக்குக் காரணம் நானு. மெதுவா இறுக்க வேண்டிய கம்பிய ஜல்தியா இறுக்கிட்டேன். டாக்டரம்மா சரியாத்தான் சொன்னாங்க. தப்பு என்னுது. இப்ப அக்கா நல்லா இருக்காங்க. நாளைக்கு வரைக்கும் இங்கயே வச்சுப் பாக்கணும்."

கத்துவார் என்று நினைத்தேன். நாலு பேரைக் கூட்டுவார் என்று நினைத்தேன். கதவருகில் மேடம் நிற்பது தெரிந்தது. அந்த அண்ணன் செருப்பை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். அப்புறம் ஒன்று கேட்டார்.

"நாளைக்கும் நீங்கதான இருப்பீங்க?"

"இருப்பேன்" என்றேன்.

"அப்ப செரி" என்று சொல்லிவிட்டுச் செருப்பை பெஞ்சுக்கு அடியில் வைத்தார்.

மறுநாள் இருந்தேன் சார். அந்த அக்கா கஞ்சி குடித்தார், நடந்தார், வீட்டுக்குப் போனார். இரண்டு நாள் கழித்து வேறு ஒரு நோயாளியின் மகனிடம், "நான் இன்னும் கொஞ்சம் முன்னாடி நிறுத்தியிருக்கணும், என் தப்பு" என்று மேடம் சொல்வது என் காதில் விழுந்தது.

ஏகாம்பரம் அண்ணனிடமும் போய்ச் சொல்லிவிட்டேன். போன ஞாயிறு. அந்தத் தாளை எழுதியது நான்தான் என்றேன். தறியை நிறுத்தாமலே, "தெரியும் சிஸ்டர். டாக்டரு கையெழுத்துதான் கோழி கிறுக்கின மாதிரி இருக்குமே, அது முத்து முத்தா இல்ல இருந்துச்சு" என்றார்.

இத்தனை வருடம் உங்களிடம் சொல்ல முடியாத வார்த்தையை இரண்டு பேரிடம் சொல்லியாயிற்று. நீங்கள்தான் பாக்கி. தப்பு என்னுது சார். சொல்லிவிட்டேன்.